மருத்துவமனைப் பதிவேடும் மனநோய்க் கணக்கும்: ஃபேரிஸ் – டன்ஹாம் சிகாகோ ஆய்வு (1939) குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மனநோய் ஒரு சமுதாயத்தில் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது என்பதை அறிய மருத்துவமனைப் பதிவேடுகளே நெடுங்காலமாக முதன்மைச் சான்றாக இருந்து வருகின்றன. ராபர்ட் ஃபேரிசும் வாரன் டன்ஹாமும் 1939இல் வெளியிட்ட ‘நகர்ப்பகுதிகளில் மனக்கோளாறுகள்’ என்னும் நூல், சிகாகோ நகரின் மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகளை நகர வரைபடத்தில் பொருத்தி, மனச்சிதைவு நோய்க்கும் நகர வாழ்வின் சிதைவுக்கும் உறவு உண்டு என வாதிட்டது. அவ்வாதத்தின் வலுவையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பதிவேடு நோயை நேரே காட்டுவதில்லை. நோயுற்றவர் ஒரு நிறுவனத்தைச் சந்தித்த நிகழ்வையே காட்டுகிறது. இந்த வேறுபாட்டை மறந்தால் எண்கள் பிழைபடும். அப்பிழையின் சுமை ஏழையர் மீதும் புலம்பெயர்ந்தோர் மீதும் விழும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மனநோய்ப் பரவலியல், நோயாளர் பதிவேடு, மனச்சிதைவு நோய், சிகாகோ ஆய்வு, டென்மார்க் பதிவேடு, மந்தணக் காப்பு.

முன்னுரை

காய்ச்சலைக் கருவி கொண்டு அளக்கலாம். காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் காணலாம். மனநோய்க்கு அத்தகைய புற அளவுகோல் இல்லை. நோயாளர் கூறுவது, உறவினர் கூறுவது, மருத்துவர் காண்பது ஆகிய மூன்றும் சேர்ந்தே நோயறிதல் அமைகிறது. அது நிகழும் இடம் பெரும்பாலும் மருத்துவமனை. அது நிலைபெறும் இடம் பதிவேடு. எனவே மனநோய்ப் பரவலியல் தோன்றிய நாள் முதலே பதிவேட்டைச் சார்ந்து வளர்ந்தது.

இச்சார்பு தொடக்கத்திலேயே தவறிழைத்தது. 1840ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அடிமைமுறை இல்லாத வட மாநிலங்களில் கறுப்பின மக்களுள் 162 பேருக்கு ஒருவர் மனநோயாளர் அல்லது மனவளர்ச்சி குன்றியவர் என்றும், தென் மாநிலங்களில் 1,558 பேருக்கு ஒருவரே அவ்வாறு உள்ளார் என்றும் அறிவித்தது. விடுதலை அவர்களைப் பித்தாக்குகிறது என்பதற்கு இதனைச் சான்றாக்கி, அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் கால்ஹூன் 1844இல் அடிமைமுறைக்காக வாதாடினார். மாசசூசெட்ஸ் மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் கணக்கைத் துருவிப் பார்த்தபோது, கறுப்பின மக்கள் ஒருவர்கூட வாழாத ஊர்களிலும் கறுப்பின மனநோயாளர்கள் பதிவாகியிருப்பது தெரியவந்தது. வூஸ்டர் நகரில் கறுப்பினத்தவர் எனக் காட்டப்பட்ட 133 பேர், அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையின் வெள்ளையின நோயாளிகள். ஒரு கட்டத்தில் எழுதவேண்டியது அடுத்த கட்டத்தில் எழுதப்பட்டது. அந்த எழுத்துப்பிழை ஓர் இனத்தின் அடிமைநிலைக்கு நியாயமாக்கப்பட்டது. மறுப்புகள் வெளிவந்த பின்னரும் அரசு அக்கணக்கைத் திருத்தவில்லை.

இப்பின்புலத்தில், ஒரு நூற்றாண்டு கழித்து வெளிவந்த சிகாகோ நூலை அணுகவேண்டும். அதில் எழுத்துப்பிழை இல்லை. நேர்மையும் உழைப்பும் உண்டு. அவ்வாறிருந்தும் பதிவேட்டைச் சான்றாகக் கொள்வதன் அடிப்படைச் சிக்கல்கள் அனைத்தும் அந்நூலில் உள்ளன. அதனாலேயே அது இன்றும் படிக்கத்தக்கதாகிறது.

நூலும் அதன் வாதமும்

ஃபேரிசும் டன்ஹாமும் சிகாகோ சமூகவியல் மரபில் வந்தவர்கள். நகரம் மையத்திலிருந்து வெளிநோக்கி வட்ட வளையங்களாக வளர்கிறது என்னும் கோட்பாட்டை வகுத்த எர்னஸ்ட் பர்ஜெஸ் அவர்களது நூலுக்கு முன்னுரை எழுதினார். 1922 முதல் 1934 வரை சிகாகோவிலிருந்து அரசு, தனியார் மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 35,000 பேரின் பதிவுகளை அவர்கள் திரட்டினர். ஒவ்வொருவரின் முகவரியையும் நகரின் உட்பகுதிகளோடு பொருத்தி, அப்பகுதியின் மக்கள்தொகையால் வகுத்து, நோய்வாரியாக விகிதம் கண்டனர்.

முடிவுகள் தெளிவான வடிவம் பெற்றன. மனச்சிதைவு நோயின் விகிதம் நகர மையத்தை ஒட்டிய வாடகை அறைப் பகுதிகளிலும் வறியோர் குடியிருப்புகளிலும் மிகுந்து, புறநகர் நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தது. அன்று எழுச்சி–சோர்வு மனநோய் எனப்பட்டதும் இன்று இருமுனைக் கோளாறு எனப்படுவதுமாகிய நோய்க்கு இத்தகைய ஒழுங்கு காணப்படவில்லை. அது நகரெங்கும் சிதறிக் கிடந்தது. இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் தம் வாதத்தின் தூணாக்கினர். உறவும் அண்டையும் அற்ற தனிமை வாழ்வு ஒருவரது மனத்தை உலகிலிருந்து பிரிக்கிறது. நிலையற்ற குடியிருப்புகள் அத்தனிமையை வளர்க்கின்றன. ஆகவே மனச்சிதைவு நோய் அங்கே மிகுகிறது என்பது அவர்களது விளக்கம்.

எழக்கூடிய தடைகளை அவர்களே முன்வைத்து விடை கூற முயன்றது நூலின் சிறப்பு. ஏழைகளே அரசு மருத்துவமனைக்கு மிகுதியாக அனுப்பப்படுகிறார்கள் என்பதால் இவ்வடிவம் தோன்றியிருக்கலாமா என்பது முதல் தடை. அவ்வாறாயின் எல்லா மனநோய்களும் மையத்தில் குவிந்திருக்க வேண்டும். எழுச்சி–சோர்வு மனநோய் குவியவில்லை என்பது அவர்களது விடை. நோயுற்றவர்களே வேலையிழந்து மையப் பகுதிக்கு நழுவி வந்திருக்கலாமா என்பது இரண்டாவது தடை. நழுவிவரக் காலம் போதாத இளம் வயதினரிடமும் இதே குவிவு உள்ளது என்பது அதற்கான விடை. இவ்விரு விடைகளின் வலுவை இனிக் காணலாம்.

சேர்க்கை என்னும் வாசல்

மருத்துவமனைச் சேர்க்கை நோயின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று. 1840 கணக்கைத் தகர்த்த ஜார்விசே இதனையும் முதலில் காட்டினார். மருத்துவமனைக்கு அண்மையில் உள்ள ஊர்கள் தொலைவில் உள்ள ஊர்களைவிட மக்கள்தொகை நோக்கில் மிகுதியான நோயாளிகளை அனுப்புகின்றன என அவர் 1850களின் தொடக்கத்தில் நிறுவினார். இது பின்னர் ‘ஜார்விஸ் விதி’ எனப் பெயர்பெற்றது. தொலைவு நோயை உண்டாக்குவதுமில்லை, குறைப்பதுமில்லை. பதிவாவதை மட்டும் மாற்றுகிறது.

இதை உணர்ந்ததால், 1854இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கணக்கெடுக்கும் பொறுப்பு வந்தபோது ஜார்விஸ் மருத்துவமனைப் பதிவேட்டோடு நின்றுவிடவில்லை. மாநிலத்தின் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவரவர் ஊரில் வீடுகளிலும் ஏழையர் இல்லங்களிலும் இருந்த மனநோயாளர்களைப் பற்றிக் கேட்டறிந்தார். 2,632 மனநோயாளர்கள் இவ்வாறு கணக்கில் வந்தனர். அதே ஜார்விஸ், அரசு உதவியில் வாழும் ஏழையரிடம் மனநோய் பிறரைவிட 64 மடங்கு மிகுதி எனவும் எழுதினார். நோயுற்றோரே வறுமையில் வீழ்ந்து அவ்வகுப்பில் சேர்ந்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் இந்த விகிதத்தைப் படிப்பவர்க்கு உடனே எழவேண்டும். பதிவேட்டின் வாசலைக் கடந்த ஆய்வாளரையும் அடுத்த சிக்கல் விடவில்லை.

சிகாகோவின் வாடகை அறையில் தனியே வாழும் ஒருவர் நோயுற்றால் அவரைக் கவனிக்க வீட்டார் இல்லை. அவரது நடத்தை மாறினால் அறை உரிமையாளரோ காவலரோ தலையிடுவர். விளைவு மருத்துவமனைச் சேர்க்கை. புறநகரில் குடும்பத்தோடு வாழ்பவர் அதே நோயுடன் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். ஆகவே தனிமை நோயைத் தந்ததா, நோயைப் பதிவேட்டுக்குக் கொண்டுவந்ததா என்பதைச் சேர்க்கை எண்ணிக்கையால் மட்டும் பிரித்தறிய இயலாது.

ஹாலிங்ஸ்ஹெட்டும் ரெட்லிக்கும் 1958இல் வெளியிட்ட ‘சமூக வகுப்பும் மனநோயும்’ இந்த ஐயத்துக்கு வலுசேர்க்கிறது. நியூ ஹேவன் பகுதியில் 1950இல் மனநல மருத்துவம் பெற்றுவந்த 1,891 பேரை அவர்கள் ஐந்து சமூக வகுப்புகளாகப் பிரித்து ஆராய்ந்தனர். மேல்வகுப்பினர் தாமாகவோ குடும்பத்தார், மருத்துவர் வழியாகவோ வந்தனர். கீழ்வகுப்பினர் பெரும்பாலும் காவலர், நீதிமன்றம், நலநிறுவனங்கள் வழியாக வந்தனர். முன்னவருக்கு உரையாடல்வழி மருத்துவமும் பின்னவருக்கு அடைத்துவைத்தலும் மிகுதியாகக் கிடைத்தன. தம் எண்கள் மருத்துவம் பெறுவோரின் எண்களே என்பதை அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். சிகாகோ நூலுக்கு இல்லாத அடக்கம் இது.

நோய்ப்பெயர் எழுதும் கை

ஃபேரிஸ்–டன்ஹாம் வாதத்தின் தூண் இரு நோய்களின் பரவல் வேறுபாடு. வாசல் ஒன்றே என்றால் இரண்டும் ஒரே வடிவம் பெறவேண்டுமே என்னும் வினா கூரியது. ஆனால் அது, இரு நோய்ப்பெயர்களும் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அளவுகோலால் சூட்டப்பட்டன எனக் கொள்கிறது. அவ்வாறு கொள்ள இடமுண்டா?

1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயும் இங்கிலாந்து மருத்துவமனைகளில் எழுச்சி–சோர்வு மனநோயும் மிகுதியாகப் பதிவாகியிருந்தது ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. இரு நாட்டு மக்களின் மனம் வேறா, மருத்துவர்களின் கண் வேறா என்பதை அறிய நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளில் ஒப்பீட்டு ஆய்வு தொடங்கப்பட்டது. இரு நகர நோயாளிகளையும் ஒரே பயிற்சி பெற்ற குழு ஒரே வினாநிரல் கொண்டு நேர்கண்டபோது வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்தது. நியூயார்க் மருத்துவர்கள் மனச்சிதைவு என்னும் சொல்லை மிக அகலமாகப் பயன்படுத்தினர். லண்டனில் மனநிலைக் கோளாறு எனப்படுவோரும் அங்கே அப்பெயருள் அடங்கினர். இவ்வாய்வு 1972இல் நூலாக வெளிவந்தது.

இம்முடிவு சிகாகோ நூலை நேரே மறுப்பதில்லை. காலமும் இடமும் வேறு. ஆயினும் ஒரு பெயர் எவ்வளவு நெகிழக்கூடியது என்பதை அது மெய்ப்பித்தது. காவலரால் கொண்டுவரப்பட்ட, உறவினர் துணையற்ற, வேற்றுமொழி பேசும் ஒருவரின் முன்வரலாறு மருத்துவருக்குக் கிடைப்பதில்லை. நோய் விட்டுவிட்டு வருகிறது என்று கூற ஆளில்லாதபோது எழுச்சி–சோர்வு மனநோய் எனக் கண்டறிவது அரிது. அவ்வாறாயின் அந்நோய் நகர மையத்தில் குவியாமல் இருந்ததற்கு, அங்கே அதனைக் கண்டறியும் வாய்ப்புக் குறைந்ததும் ஒரு காரணமாகலாம். நூலின் வலுவான தூண் இங்கே ஆட்டம் காண்கிறது.

இடமும் நபரும்

சிகாகோ நூலின் அலகு நகர்ப்பகுதி. அதன் முடிவோ தனிமனிதரைப் பற்றியது. உறவற்றோர் மிகுந்த பகுதியில் மனச்சிதைவு மிகுதி என்பது எண். உறவற்றவருக்கு மனச்சிதைவு வரும் என்பது விளக்கம். முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவும் பாலம் எளிதில் கிடைப்பதன்று.

இதனை வில்லியம் ராபின்சன் 1950இல் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டால் விளக்கினார். 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. மாநில அளவில் ஒட்டுறவுக் கெழு −0.53. ஆனால் தனிமனித அளவில் கணக்கிட்டால், வெளிநாட்டில் பிறந்தோரிடமே எழுத்தறிவின்மை சற்று மிகுதி, கெழு 0.12. குறியே மாறிவிடுகிறது. புலம்பெயர்ந்தோர் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களை நாடிக் குடியேறியதே காரணம். பகுதிகளை ஒப்பிட்டு நபர்களைப் பற்றி முடிவுகூறும் எந்த ஆய்வும் இந்த எச்சரிக்கையைத் தாண்டியாக வேண்டும்.

நழுவல் பற்றிய தடையும் பின்னர் வலுப்பெற்றது. இங்கிலாந்தில் கோல்ட்பர்க், மாரிசன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பதிவோடு பிறப்புச் சான்றையும் இணைத்தது. மனச்சிதைவுற்ற இளைஞர்கள் சேர்க்கையின்போது கீழ்த்தட்டுத் தொழில்களில் மிகுந்திருந்தனர். ஆனால் அவர்கள் பிறந்தபோது தந்தையர் செய்த தொழில்கள் பொதுமக்களின் தொழில்களைப் போலவே பரவியிருந்தன. நோய், அது வெளிப்படுவதற்கு முன்பே, அவர்களைக் கீழே தள்ளியிருந்தது. இளம் வயதினர் நழுவக் காலமில்லை என்னும் சிகாகோ விடை இதனால் தளர்கிறது. டன்ஹாமே டெட்ராய்ட் நகரில் செய்த மறு ஆய்வின் வழி, 1965இல் வெளியிட்ட ‘சமுதாயமும் மனச்சிதைவும்’ என்னும் நூலில் தம் பழைய நிலையிலிருந்து விலகி, குவிவுக்குப் பெரிதும் காரணம் நோயுற்றோரின் இடப்பெயர்வே என எழுதினார். தம் நூலின் மையக் கருத்தைத் தாமே கைவிடும் துணிவு ஆய்வுலகில் அரிதாகவே காணப்படுவது.

பிறந்த இடத்தைக் கேட்ட பதிவேடு

இத்துடன் வழக்கு முடிந்ததாக 1960களில் பலரும் கருதினர். அதனை மீண்டும் திறந்தது டென்மார்க்கின் பதிவேடு. அந்நாட்டில் 1968இல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கப்பட்டது. 1969 முதல் மனநல மருத்துவமனைச் சேர்க்கைகள் கணினியில் பதிவாயின. ஒருவர் எங்கே பிறந்தார், பெற்றோருக்கு மனநோய் இருந்ததா, அவருக்கு எப்போது நோய் வந்தது என்பவற்றை அந்த ஒரே எண் இணைத்தது. சிகாகோ ஆய்வாளர்களிடம் இருந்தது சேர்க்கையின்போதைய முகவரி. டென்மார்க் ஆய்வாளர்களிடம் இருந்தது பிறந்தபோதைய முகவரி. பிறக்குமுன் எவரும் நோயால் நழுவமுடியாது.

மார்ட்டன்சன் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு 17.5 லட்சம் பேரைத் தொடர்ந்தது. அவர்களுள் 2,669 பேர் மனச்சிதைவுக்கு ஆளாயினர். தலைநகரில் பிறந்தோருக்கு நாட்டுப்புறத்தில் பிறந்தோரைவிட 2.40 மடங்கு இடர் இருந்தது. தாய்க்கு நோய் இருந்தால் 9.31 மடங்கும், தந்தைக்கு இருந்தால் 7.20 மடங்கும் இடர் மிகுந்தது. ஆனால் நோயுற்ற பெற்றோர் சிலரே. நகரில் பிறந்தோர் பலர். அதனால் நாட்டின் மொத்த நோயாளர் எண்ணிக்கையில் குடும்ப வரலாற்றோடு தொடர்புடைய பங்கு 5.5 விழுக்காடாகவும், பிறந்த இடத்தோடு தொடர்புடைய பங்கு 34.6 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது. தனிமனித இடரும் சமுதாயச் சுமையும் வெவ்வேறு அளவுகள் என்பதை விளக்க இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஃபேரிசும் டன்ஹாமும் சான்றின்றிச் சொன்னதன் ஒரு பகுதி இவ்வாறு உயிர்பெற்றது. ஆயினும் இங்கும் பதிவேட்டின் வாசல் நீங்கிவிடவில்லை. 1995க்கு முன் அப்பதிவேட்டில் உள்நோயாளிகள் மட்டுமே இடம்பெற்றனர். வரிப்பணத்தில் கட்டணமின்றி மருத்துவம் கிடைப்பதால் செல்வநிலையின் தாக்கம் குறைந்தது என்பதே டென்மார்க்கின் வலிமை. நகரில் பிறத்தல் என்பது எதன் குறியீடு, தொற்றா, மாசா, நெருக்கடியா, பெற்றோரின் முன்னைய இடப்பெயர்வா என்பதற்குப் பதிவேடு தானாக விடை கூறாது. தொடர்பு உண்டு என்பதை அது காட்டும். காரணத்தை வேறு வழிகளில் தேடவேண்டும்.

சிகாகோ நூலின் கவனம் பெறாத கண்டுபிடிப்பு

வரைபட வளையங்களின் புகழில் நூலின் மற்றொரு முடிவு மறைந்துபோயிற்று. கறுப்பின மக்களிடையே மனச்சிதைவு விகிதம் அவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதிகளைவிட, சிறுபான்மையாக வாழ்ந்த பகுதிகளில் மிகுந்திருந்தது. வெள்ளையரிடமும் அவர்கள் சிறுபான்மையாக இருந்த பகுதிகளில் இதையொத்த போக்கே தென்பட்டது. ஓர் இனத்தின் இயல்பே நோய்க்குக் காரணம் என்றால், அவ்வினம் எங்கே வாழினும் விகிதம் ஒன்றாக இருக்கவேண்டும். அவ்வாறில்லை என்பதால், 1840 கணக்கு முன்வைத்த இனவழி விளக்கத்தை இம்முடிவு அதே பதிவேட்டு முறையால் மறுக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் இது மீண்டும் சோதிக்கப்பட்டது. தென் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் 1988 முதல் 1997 வரையிலான நோயாளர் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. வெள்ளையரல்லாதோர் ஒரு வட்டாரத்தில் எவ்வளவு குறைவாக இருந்தார்களோ அவ்வளவுக்கு அவர்களிடையே மனச்சிதைவு மிகுந்தது. இங்கு ஆய்வாளர்கள் மருத்துவர் எழுதிய நோய்ப்பெயரை அப்படியே ஏற்கவில்லை. வழக்குக் குறிப்புகளைப் படித்துப் பொது அளவுகோலால் மீண்டும் நோயறிந்தனர். பதிவேட்டைப் புறக்கணிப்பது தீர்வன்று, அதனைத் திருத்தமாக மறுவாசிப்புச் செய்வதே வழி என்பதற்கு இது முன்மாதிரி. எனினும் எழுதப்படாததை மறுவாசிப்பு மீட்காது. பெரும்பான்மையினர் நடுவே தனித்துத் தெரியும் ஒருவர் விரைவில் காவலரின் கண்ணில் படுகிறாரா என்னும் வினா இங்கும் எஞ்சியே நிற்கிறது.

கணினியின் வாசிப்பு

அதே தென் லண்டனில் 2008 அளவில், மாட்ஸ்லி மருத்துவமனையை உள்ளடக்கிய நலச்சேவை அமைப்பு தன் மின்னணுப் பதிவுகளை அடையாளம் நீக்கி ஆய்வுக்குத் திறந்தது. இலட்சக்கணக்கானோரின் பதிவுகள் அதில் அடங்கும். இதன்வழி 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனச்சிதைவுற்ற ஆண்கள் பொதுமக்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவாக வாழ எதிர்பார்க்கலாம் எனக் கணக்கிட்டது. மனச்சிதைவோடு மனநிலைக் கோளாறும் கலந்த நோயுடைய பெண்களுக்கு இவ்விழப்பு 17.5 ஆண்டுகள். வீடுவீடாகச் செய்யும் கணக்கெடுப்பில் இம்முடிவைப் பெறுவது கடினம். கடும் நோயுற்றோர் அரியர். நேர்காணலுக்கு இசைவோர் இன்னும் அரியர். பதிவேட்டின் பயனை மறுப்போர்க்கு இவ்வெண்களே விடை.

இப்பதிவுகளின் செழுமை, கட்டங்களில் நிரப்பிய குறியீடுகளைவிட மருத்துவர் தம் சொற்களில் எழுதிய குறிப்புகளிலேயே உள்ளது. அவற்றைப் படிக்கக் கணிநிரல்கள் உருவாக்கப்பட்டுள்ளன. மொழியாய்வாளர்க்கு இங்கு எழும் சிக்கல் புதிதன்று. ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்னும் தொடரில் ‘தற்கொலை’ என்னும் சொல் உண்டு, பொருள் எதிர்மறை. ‘தாய்க்கு மனச்சிதைவு இருந்தது’ என்னும் தொடரில் நோய் நோயாளிக்குரியதன்று. ‘குரல்கள் கேட்பதாக மனைவி கூறுகிறார்’ என்பதில் கூற்று மூன்றாமவருடையது. யார் கூற்று, யாரைப் பற்றியது, உடன்பாடா எதிர்மறையா என்னும் வினாக்களின்றி எண்ணத் தொடங்கினால், 1840இன் கட்டப்பிழை புதிய வடிவில் திரும்பும்.

இதனினும் நுட்பமானது மௌனம். ஒரு குறிப்பில் புகைப்பழக்கம் பற்றிய சொல்லே இல்லையெனில், பழக்கம் இல்லை என்று பொருளா, மருத்துவர் கேட்கவில்லை என்று பொருளா? கேட்காமை தற்செயலானதன்று. பத்து நிமிடம் மட்டுமே கிடைத்த நோயாளியின் பதிவு மெலிந்திருக்கும். பலமுறை வந்தவரின் பதிவு தடித்திருக்கும். பதிவின் பருமனே மருத்துவ உறவின் அளவாகிறது.

பதிவேடு எவர் கையில்

பதிவு எதைச் சொல்கிறது என்பதோடு, அது எவரிடம் செல்கிறது என்பதும் ஆய்வுநெறிக்குரிய வினா. 1939இல் செருமானிய நாட்சி அரசு மனநல நிறுவனங்களுக்குப் படிவங்களை அனுப்பி, நோய்ப்பெயர், தங்கிய காலம், உழைக்கும் ஆற்றல் ஆகியவற்றைக் கேட்டது. மருத்துவ வல்லுநர்கள் நோயாளியை நேரில் காணாமல் அப்படிவங்களில் குறியிட்டனர். 1941 ஆகஸ்ட் வரை இவ்வாறு தெரிவுசெய்யப்பட்டு நச்சுப்புகையால் கொல்லப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேரின் கோப்புகள் 1990களின் தொடக்கத்தில் கிழக்கு செருமனியின் உளவுத்துறைக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கொல்லப் பயன்பட்ட அதே தாள்களே இன்று கொல்லப்பட்டோரை அறியும் சான்று.

மந்தணக் காப்பினை ஆய்வுக்குத் தடையெனக் கருதுவோர் இவ்வரலாற்றை நினைவில் கொள்ளவேண்டும். தென் லண்டன் பதிவேட்டில் ஒவ்வோர் ஆய்வு முன்மொழிவையும் நோயாளர் பங்கேற்கும் மேற்பார்வைக் குழு ஆராய்கிறது. தம் பதிவு ஆய்வுக்குப் பயன்படவேண்டாம் என்போர் விலகலாம். இவ்வேற்பாட்டுக்கும் குறையுண்டு. விலகும் உரிமை இருப்பதை அறியாதவர்க்கு அவ்வுரிமை பயன்படாது. அனைவரிடமும் முன்னிசைவு பெற்றாலோ, இசையாதோர் விடுபட்டு எண்கள் ஒருபக்கம் சாயும். இரண்டுக்கும் இடையே முழுநிறைவான வழி இல்லை. ஆய்வின் நோக்கை நோயாளரோடு பகிர்ந்து முடிவெடுப்பதே குறைந்த தீங்குடையது.

தமிழகச் சூழலுக்கான பொருத்தம்

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் மருத்துவம் பெறாதோர் பங்கு நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை எனக் கண்டது. ஆகவே மருத்துவமனைப் பதிவை மட்டும் கொண்டு இங்கு நோய்ப்பரவலைக் கணிப்பது, பெரும்பாலோரை விட்டுவிட்டு எண்ணுவதாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நிகழ்ந்த தீவிபத்தில் 28 மனநோயாளர்கள் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப இயலவில்லை. தர்காவை நம்பி வந்தோரை வைத்திருந்த அத்தகைய காப்பகங்கள் உரிமம் பெறாதவை. அவற்றில் இருப்போர் எந்த மருத்துவப் புள்ளிவிவரத்துக்குள்ளும் வாரார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளருக்கு மந்தணக் காப்புரிமையையும் தம் மருத்துவப் பதிவைக் காணும் உரிமையையும் வழங்குகிறது. பதிவுகள் மின்னணுவாகிவரும் இவ்வேளையில், இரண்டாவது உரிமை ஆய்வாளர்க்கும் பயன்தரும். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை நோயாளர் படிக்கும் நிலை வந்தால் பதிவின் பிழைகள் குறைய வாய்ப்புண்டு.

முடிவுரை

ஃபேரிஸ்–டன்ஹாம் நூலின் மைய வாதம் மூன்று இடங்களில் தளர்கிறது. சேர்க்கையை அது நோயாகக் கொண்டது. மருத்துவர் எழுதிய பெயரை ஐயமின்றி ஏற்றது. பகுதியின் எண்ணிலிருந்து நபரின் மனத்துக்குத் தாவியது. ஆயினும் அது எழுப்பிய வினா பொய்யாகவில்லை. பிறந்த இடத்தைப் பதிந்த டென்மார்க்கும், குறிப்புகளை மறுவாசித்த கேம்பர்வெல்லும் அவ்வினாவை மேலும் கூர்மையாக்கின. இவ்விரண்டும் பதிவேட்டைக் கைவிட்டுப் பெற்ற முன்னேற்றங்கள் அல்ல; அதன் எல்லையை அறிந்து பெற்றவை.

நோயாளர் பதிவைப் பயன்படுத்தும் ஆய்வாளர் நான்கு வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். இப்பதிவுக்குள் வராதோர் யார்? நோய்ப்பெயரை எழுதியவர் எதைக் கண்டு, எதைக் காணாமல் எழுதினார்? பதிவான இடமும் நேரமும் நோய்க்கு முந்தியவையா, பிந்தியவையா? இம்முடிவு வெளியானால் அதன் விளைவைச் சுமப்போர் யார்? முதல் மூன்றும் முறையியலைச் சார்ந்தவை. நான்காவதை முறையியலுக்குப் புறம்பென ஒதுக்குவோர்க்கு 1840உம் 1939உம் மறுப்பாக நிற்கின்றன.